பில்லிங் பக்கம் பிராசஸரை விழுங்குகிறது: திருத்தம் கோரிப் புகார்

அனுப்புநர்: கடையின் கவுண்டர் கணினிகளைப் பராமரிக்கும் குழுவினர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: இணையவழி பில்லிங் சேவையின் முகப்புப் பக்கத்தால் ஏற்படும் பிராசஸர் சுமை, பார்கோடு இலக்கங்கள் விடுபடுதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பில்லிங் சேவையின் முகப்புப் பக்கம் திறந்திருக்கும் நேரமெல்லாம் எங்கள் கணினிகளில் ஒரு கோர் (பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி) முழுவதும் அதற்கே போய்விடுகிறது. மூன்று முறை புகார் பதிந்தோம். "கேஷை (பிரவுசர் சேமித்து வைத்த தற்காலிகக் கோப்புகளை) அழியுங்கள், பிரவுசரைத் திரும்ப நிறுவுங்கள், ரேம் கூட்டுங்கள்" என்றே மூன்று முறையும் பதில் வந்தது. கோளாறு பிரவுசரிலும் இல்லை, கணினியிலும் இல்லை. உங்கள் பக்கத்தின் நிரலில் இருக்கிறது. எந்த இடத்தில் என்று அளந்து கீழே எழுதியிருக்கிறோம். தயவுசெய்து இதை உதவி மையத்தோடு நிறுத்தாமல் நிரல் எழுதுபவர்களின் கைக்குச் சேர்த்துவிடுங்கள்.

"டாஸ்க் மேனேஜரில் 25 சதவீதம்தானே காட்டுகிறது, அது சாதாரணம்" என்று உங்கள் ஊழியர் சொன்னார். 4 கோர் கணினியில் விண்டோஸ் காட்டும் 25 என்பது ஒரு கோர் மூச்சுவிட இடமில்லாமல் ஓடுவதைக் குறிக்கும். ஒரு டேபின் ஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்) பெரும்பாலும் ஒரே இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். அதனால் மற்ற 3 கோர்களும் சும்மா இருந்தாலும் அந்தப் பக்கம் திணறும். குரோமில் ஷிப்ட் + எஸ்கேப் அழுத்தினால் வரும் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். அங்கே 100 என்றால் ஒரு கோர் முழுவதும் என்று பொருள்; உங்கள் டேப் 95-க்கும் 100-க்கும் இடையே நிற்கிறது. உள்நுழையும் பக்கத்தில் இருக்கும்போது அதே டேப் 1-ஐத் தாண்டுவதில்லை.

எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) காரணமோ என்று பார்க்க இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்தோம். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக ஓடாது. புதிய புரொஃபைலிலும் சோதித்தோம். ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன்கள் இல்லாமல் ஓடும் டிரபிள்ஷூட் மோடில் திறந்து, டேப்களின் சுமையைக் காட்டும் அபௌட் புராசஸஸ் பக்கத்தில் பார்த்தோம். எங்கும் அதே நிலை. ஹார்டுவேர் ஆக்சலரேஷனை (திரை வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கும் அமைப்பை) நிறுத்தச் சொன்னீர்கள். கிராபிக்ஸ் டிரைவர் பழுதாக இருந்தால் அது சரியான வழி. எங்கள் டிரைவர் நன்றாக இருக்கிறது. நிறுத்தியதும் திரையை வரையும் வேலையும் பிராசஸர் தலையில் விழுந்து நிலைமை மோசமானதால், பழையபடி இயக்கிவிட்டோம்.

பிரவுசரிலேயே உள்ள டெவலப்பர் டூல்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 10 விநாடிகள் பதிவு செய்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் பாட்டம்-அப் பட்டியலை செல்ஃப் டைம் (அந்த வேலை தானே எடுத்த நேரம்) வரிசையில் அடுக்கியதும் விஷயம் வெளிச்சமானது. முதல் குற்றவாளி, மேலே ஓடும் சலுகை அறிவிப்புப் பட்டை. அதை 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை டைமர் வைத்து நகர்த்துகிறீர்கள். விநாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரையில் 100 முறை நகர்த்துவதால் 40 முறை யார் கண்ணிலும் படாமல் வீணாகிறது. அதைவிடப் பெரிய தவறு, ஒவ்வொரு முறையும் பட்டையின் இடது ஓரத்தை மாற்றிய கையோடு அதன் அகலத்தைப் படிக்கிறீர்கள். மாற்றியவுடன் அளவு கேட்டால், தள்ளிப்போட்டிருந்த லேஅவுட் கணக்கை (பக்கத்தில் எது எங்கே, எந்த அளவில் என்ற கணக்கை) பிரவுசர் அந்த நொடியே போட்டாக வேண்டும். ஒரு நகர்வுக்குச் சுமார் 6 மில்லி விநாடி என்றால், ஒரு விநாடியில் 600 மில்லி விநாடி பட்டைக்கே செலவாகிறது.

இரண்டாவது, இருப்புப் பட்டியல். எங்கள் கணக்கில் 2,300 பொருட்கள். வரிசைக்கு 9 கட்டங்கள். ஆக 20,000-க்கும் மேற்பட்ட உறுப்புகள். விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டு, எதுவும் மாறாவிட்டாலும் மொத்தத்தையும் அழித்துத் திரும்ப வரைகிறீர்கள். ஒரு வரைவுக்குச் சுமார் 350 மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால் ஒரு விநாடியில் 950 மில்லி விநாடி வருகிறது. மேலே சொன்ன 95-க்குக் கணக்கு இதுதான். டெவலப்பர் டூல்ஸின் எலிமென்ட்ஸ் பகுதியில் பட்டையை நீக்கி அதன் டைமரையும் நிறுத்தியபோது சுமை 40-க்குக் கீழே இறங்கியது. பட்டியலின் டைமரையும் நிறுத்தியதும் 3, 4 என்று அடங்கியது.

மின்விசிறி இரைவதையும் கணினி சூடாவதையும் பொறுத்துக்கொள்ளலாம். பில் தவறாவதைப் பொறுக்க முடியாது. பார்கோடு ஸ்கேனர் கீபோர்டு போலவே 13 இலக்கங்களையும் மடமடவென்று தட்டிவிட்டு எண்டர் கொடுக்கிறது. அந்த இலக்கங்கள் விழவேண்டிய பெட்டியையும் பட்டியலோடு சேர்த்து அழித்து வரைகிறீர்கள். வரையும் நேரத்தில் ஸ்கேன் விழுந்தால் ஃபோகஸ் (தட்டும் எழுத்து அந்தப் பெட்டியில் விழும் நிலை) பறிபோகிறது, பாதி இலக்கங்கள் காணாமல் போகின்றன, "பொருள் இல்லை" என்று வருகிறது. வரிசையில் வாடிக்கையாளர்கள் நிற்க, கவுண்டரில் இருப்பவர் கையால் எண் அடிக்கிறார்.

உங்கள் அலுவலகத்தில் இது தென்படாததற்கும் காரணம் இருக்கிறது. வேறு டேபுக்குப் போனதும் மறைந்த பக்கத்தின் டைமர்களை பிரவுசர் விநாடிக்கு ஒருமுறை என்று கட்டுப்படுத்திவிடும். 2021-இல் வந்த குரோம் 88 முதல், 5 நிமிடங்களுக்கு மேல் மறைந்திருந்தால் பல டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறை வரை குறைக்கிறது. வேறு டேபிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கவுண்டரிலோ இந்தப் பக்கம் காலை முதல் இரவு வரை கண்முன் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "குக்கீகள், பிற தளத் தரவு" என்ற பெட்டியையும் டிக் செய்து அழிக்கும்படி உங்கள் வழிகாட்டுக் குறிப்பு சொல்கிறது. இணையம் அறுந்த நேரத்தில் போட்ட பில்களை உங்கள் பக்கம் பிரவுசருக்குள் இண்டெக்ஸ்டு டிபி என்ற தரவுச் சேமிப்பிடத்தில்தான் சேமிக்கிறது; அதுவும் தளத் தரவில் சேரும். சர்வருக்குப் போய்ச் சேராத பில்கள் அந்த ஒரு டிக்கில் அடியோடு அழியும். சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு டைமரை கேஷ் அழிப்பு நிறுத்தவும் செய்யாது. அந்தக் குறிப்பை இன்றே நீக்குங்கள். இதைத் தெரியாமல் பின்பற்றும் கடைக்காரர்களை நினைத்தால் எங்களுக்குப் பதைக்கிறது.

பட்டையை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) டிரான்ஸ்ஃபார்ம் அனிமேஷனாக மாற்றினால் லேஅவுட் கணக்கே வராது. பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் 50 வரிசைகளை மட்டும் வரைந்து, மாறிய வரிசையை மட்டும் புதுப்பிக்கலாம். ஸ்கேன் பெட்டியைப் பட்டியலுக்கு வெளியே வையுங்கள். விண்டோஸில் அனிமேஷனை நிறுத்திப் பார்த்தும் பட்டை ஓடுகிறது. அந்த அமைப்பையும் உங்கள் பக்கம் மதிக்க வேண்டும்.

இந்தத் திருத்தங்களை 15 நாட்களுக்குள் வெளியிடக் கோருகிறோம். அதுவரை பட்டையை மறைக்கவும், புதுப்பிக்கும் இடைவெளியை 60 விநாடியாக்கவும் அமைப்புப் பக்கத்தில் வசதி கொடுங்கள். முடியாதென்றால் மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள்; எங்கள் தரவைத் தரவிறக்கிக்கொள்ள வழியும் வேண்டும்.

பெர்ஃபார்மன்ஸ் பதிவுக் கோப்பை இணைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் ஸ்கிரீன்ஷாட் பெட்டியை அணைத்து, பெயர்கள் இல்லாத சோதனைக் கணக்கில் பதிவு செய்தோம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புக் குழுவினர்