மருத்துவ மாணவர்களின் நிறப்பார்வை

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவப் படிப்பில் சேரும்போது நடக்கும் உடல் தகுதிப் பரிசோதனை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் நிறக்குருடு பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பிசியாலஜி (உடலியங்கியல்) நடத்தியவன் என்பதால், அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

இது அபூர்வமான குறை என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்கு சுமார் 8 பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. பெண்களில் 200 பேருக்கு ஒருவர். நம் நாட்டு ஆய்வுகளில் ஆண்களின் விகிதம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே வருகிறது. சரி, 100க்கு 3 என்றே வைத்துக்கொள்வோம். 150 பேர் சேரும் வகுப்பில் பாதிப் பேர் பையன்கள் என்றால், ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பேராவது இந்தக் குறையோடு உள்ளே வருகிறார்கள்.

அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியவர்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனே இருபது வயது தாண்டிய பிறகுதான் தன் பார்வையில் உள்ள மாற்றத்தை உணர்ந்தார். 1794இல் அதைக் கட்டுரையாகவும் வாசித்தார். தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் பையனுக்கும் வர வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த மாமாவுக்கே தெரிந்திருக்காது.

முதலாண்டு செய்முறை வகுப்பில், வண்ணப் புள்ளிகளில் மறைந்த எண்களைக் காட்டி நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தைத் திறக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. புள்ளிகளுக்கு நடுவே மற்றவர்கள் 74 என்று படிக்கும் பக்கத்தை இவன் 21 என்று படிக்கிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இப்படியா இதைத் தெரிவிப்பது என்று எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மனம் பதைக்கும்.

அதன்பிறகு அவன் தனியாகத்தான் தட்டுத்தடுமாறுகிறான். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் சோதனையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று படிப்படியாக மாறும் நிறத்தை வைத்துத்தான் அளவு சொல்ல வேண்டும். பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயத்தில் ஊதாவா இளஞ்சிவப்பா என்பதுதான் கேள்வியே. வார்டுக்குப் போனால், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றச் செருகும் கேனுலா குழாயில் 18ஆம் எண் பச்சை, 20ஆம் எண் இளஞ்சிவப்பு. தொண்டைச் சிவப்பு, மங்கலான தோல் தடிப்பு, உதட்டில் ஏறும் நீலம், மலத்தில் கலந்த ரத்தம் எல்லாவற்றுக்கும் நிறம் வேண்டும். குறையின் ஒரு வகையில் சிவப்பே இருண்டு தெரியும் என்பதால் ரத்தத்தைக் கவனிக்காமல் விடும் ஆபத்தும் இருக்கிறது.

அதற்காக இவர்களுக்கு இடம் கொடுக்காதே என்று சொல்ல மாட்டேன். நிறக்குருடு என்று திரிபுராவில் எம்பிபிஎஸ் இடம் மறுக்கப்பட்ட மாணவர்களுக்கு இடம் தரச் சொல்லி 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மிகச் சரியான உத்தரவு. தன் குறையை அறிந்த மருத்துவர் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார், செல்லின் வடிவத்தையும் அடர்த்தியையும் வைத்து ஸ்லைடைப் படிப்பார், கேனுலாவின் எண்ணைப் பார்த்து எடுப்பார், சந்தேகம் வந்தால் பக்கத்தில் உள்ள நர்ஸிடம் கேட்பார். இதைத் தெரியாமலே வேலை பார்ப்பவரை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ஆகவே கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லா மாணவர்களையும் கண் மருத்துவத் துறை தனித்தனியாகச் சோதிக்கட்டும். முடிவு அந்த மாணவருக்கும் அவரது வழிகாட்டி ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். எந்த வகை, எவ்வளவு தீவிரம், எங்கெங்கே கவனம் வேண்டும் என்று உட்காரவைத்து ஒருமுறை பேசினாலே பாதிப் பயம் போய்விடும். செய்முறைத் தேர்வில் நிறத்தை மட்டும் தேர்வாளரிடம் கேட்டுக்கொள்ளவும் அனுமதி வேண்டும். அதன் பொருளை மாணவரே சொல்லட்டும். இதற்குப் பெரிய செலவும் இல்லை, இஷிஹாரா புத்தகம் எல்லாக் கல்லூரியிலும் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியாலஜி ஆசிரியர்,
மதுரை