மனநல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு: பிரிசெப்டர் யார் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது எப்படி என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெக்சாஸில் அதே வேலையைத்தான் பார்க்கிறேன். கட்டுரை வந்ததிலிருந்து ஊரில் இருக்கும் நர்ஸ் தோழிகள் பலர் விசாரிக்கிறார்கள். நல்ல சம்பளம் என்று எழுதியிருந்தீர்கள், ஆள் தேவை அதிகம் என்றும் எழுதியிருந்தீர்கள், இரண்டுமே உண்மை. இந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு மனநல மருத்துவர்கூட கிடையாது, அப்படிப்பட்ட பல இடங்களில் நாங்கள்தான் நோயாளியைப் பார்க்கிறோம், நோய் என்னவென்று முடிவு செய்கிறோம், மருந்தும் எழுதுகிறோம். ஆனால் அதற்கான பயிற்சி எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது பற்றி கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். ஆன்லைனில் படிக்கலாம் என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மதுரையில் இருந்துகொண்டே படித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. பாடம் மட்டும்தான் ஆன்லைன். சேர்வதற்கே பெரும்பாலான கல்லூரிகளில் அமெரிக்க ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வேண்டும், அதற்கு என்கிளெக்ஸ் தேர்வு எழுதித் தேற வேண்டும், அப்புறம் நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சியை இங்கேதான் முடிக்க வேண்டும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு மாணவர் விசாவும் கிடைக்காது. நம்மவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி மூலமாக விசாவில் வந்து, சில வருடம் வார்டில் வேலை பார்த்து, அந்த வேலையையும் விடாமல் பகுதி நேரமாகத்தான் இதைப் படிக்கிறார்கள். ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர்களுக்கு முதலில் நர்ஸிங் பட்டப்படிப்பு ஒன்று வேண்டியிருக்கும், அதற்கும் காலம் ஒதுக்க வேண்டும்.

பாடங்கள் கஷ்டம்தான், ஆனால் உட்கார்ந்து படித்தால் வரும். நோய்க்கூறு, மருந்தியல், உடல் பரிசோதனை மூன்றையும் உயர்நிலையில் படிக்க வேண்டும், அதற்கு மேல் மனநோய்கள், மனநல மருந்துகள், பேசியே மனநோயைக் கையாளும் உளவியல் சிகிச்சை. ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து எண்பது வயது முதியவர் வரை எல்லா வயதினருக்கும் சேர்த்து ஒரே படிப்பு. புத்தகத்தில் இருப்பதெல்லாம் தெளிவாகவே இருக்கும். நோயாளி அப்படித் தெளிவாக வரமாட்டார். மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார், அழுகை, தூக்கமின்மை எல்லாம் இருக்கும், ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் தூங்காமலேயே உற்சாகமாகத் திரிந்ததையும் கையில் இருந்த பணத்தையெல்லாம் செலவழித்ததையும் அவராகச் சொல்லமாட்டார், மனைவியைக் கேட்டால்தான் தெரியும். அதைக் கேட்காமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்தால் அவர் மறுபடியும் மேனியா என்கிற அந்த அளவுமீறிய உற்சாக நிலைக்குப் போய்விடலாம். மனநிலையைச் சீராக வைக்க லித்தியம் எடுப்பவர் முதுகுவலிக்குக் கடையில் இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார், அதனாலேயே ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி கை நடுக்கத்தோடு வந்து நிற்பார். அதே மாதிரி இன்னொரு மருந்தான லாமோட்ரிஜினை 25 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் அலர்ஜி வரலாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் குரல் நடுங்காமல், எதிரில் இருப்பவர் கூனிக்குறுகாதபடி கேட்பதற்கு எந்த வீடியோ பாடமும் கற்றுத்தராது. ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதைப் பார்த்து, பிறகு நாம் கேட்பதை அவர் பார்த்துத் திருத்தித்தான் இது வரும்.

அந்த ஒருவரைத்தான் இங்கே பிரிசெப்டர் என்கிறார்கள். முன்பெல்லாம் குறைந்தது 500 மணி நேரப் பயிற்சி என்று இருந்தது, 2022-இல் வந்த தேசியத் தரநிலை அதை 750 ஆக்கியது. பெரிய எண் மாதிரி தெரியும். வாரம் 40 மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து மாதம்கூட ஆகாது. மனநல மருத்துவர்கள் மருத்துவப் பட்டப்படிப்பு (இங்கே அதற்குத்தான் எம்.டி. என்று பெயர்) முடித்த பிறகும் நான்கு வருடம் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி செய்கிறார்கள். நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான் என்னும்போது, ஒவ்வொரு மணி நேரமும் யாரோடு, எப்படிப் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பல கல்லூரிகள் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, பிரிசெப்டரை நீயே தேடிக்கொள் என்று மாணவர் தலையில் கட்டிவிடுகின்றன. நான் படித்த கல்லூரியிலும் அப்படித்தான். இரவு டியூட்டி முடிந்து வந்து, முன்பின் தெரியாத கிளினிக்குகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டுக் கெஞ்சியது இன்னமும் மறக்கவில்லை. இப்போது நானே பிரிசெப்டராக இருக்கிறேன், அதே கெஞ்சல் மெயில்கள் எனக்கு வருகின்றன, பெரும்பாலானவற்றுக்கு இல்லை என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் ஒரு மாணவரை ஒழுங்காகப் பயிற்றுவிக்க வேண்டுமானால் நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் அதிகமாக வேண்டும், அதற்குப் பெரும்பாலான கிளினிக்குகள் சம்மதிப்பதில்லை. ஆள் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் பின்தங்குகிறவர்கள் உண்டு. பிரிசெப்டர் பிடித்துத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் நிறுவனங்களும் உண்டு, கடன் வாங்கி அதையும் கட்டுகிறார்கள். கடைசியில் யார் கிடைத்தாலும் சரி என்று ஆகிவிடுகிறது. ஒரு மூலையில் நின்று வேடிக்கை பார்த்ததையே பயிற்சி என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வருகிறவரிடம்தான் நாளைக்கு ஒரு பதினாறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வந்து உட்காரப்போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனநல வார்டில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்களையும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால், குறைந்தது இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வாருங்கள் என்பேன். மருந்து உடலில் என்ன செய்கிறது, இல்லாத குரல் காதில் கேட்பவர் எப்படிப் பயந்துபோய் இருப்பார், ஒருவர் கொதித்து எழுவதற்கு முன் முகத்தில் என்ன தெரியும் என்பதெல்லாம் வார்டில் கிடைக்கும்.

படிப்பு முடிந்ததும் ஏ.என்.சி.சி. என்ற நர்ஸ் சான்றளிப்பு அமைப்பு நடத்தும் சான்றிதழ் தேர்வு இருக்கிறது, அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கப்புறம் எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நாமே தனியாக கிளினிக் நடத்தலாம். டெக்சாஸில் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் இல்லாமல் ஒரு மாத்திரைகூட எழுத முடியாது, அந்தக் கையெழுத்துக்கு மாதாமாதம் பணம் கொடுப்பவர்கள் நிறைய. கவனக்குறைவு நோய்க்கு (ஏ.டி.எச்.டி.) கொடுக்கும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகளை சாதாரண கிளினிக்கில் உட்கார்ந்து எங்களால் எழுதவே முடியாது. எந்த மாநிலத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் இந்தப் படிப்பில் பணம் போடாதீர்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றி எழுதும்போது, சம்பளத்துக்குக் கொடுத்த இடத்தில் கொஞ்சம் இதற்கும் கொடுங்கள். சேரப்போகும் பிள்ளைகள் கல்லூரிக்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கட்டும்: பிரிசெப்டரை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, கிடைக்காவிட்டால் அந்தச் செமஸ்டர் கட்டணம் என்ன ஆகும், நான் இருக்கும் மாநிலத்தில் பயிற்சி நடத்த உங்களுக்கு அனுமதி இருக்கிறதா, நர்ஸிங் படிப்புகளை அங்கீகரிக்கும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா. பிரிசெப்டர் கேள்விக்கு "உதவி செய்வோம்" என்று மட்டும் பதில் வந்தால், தேடப்போவது நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு வேறு கல்லூரியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹூஸ்டன், டெக்சாஸ்