பாபா யாகா வெறும் சூனியக்காரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ரஷ்யர், உக்ரைனியர் முதலிய ஸ்லாவிய மக்களின் பழங்கதைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, பாபா யாகாவைக் குழந்தைகளைத் தின்னும் கிழவி என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கோழிக்கால்களின் மேல் நிற்கும் குடிசையில் வாழ்ந்து, உரலில் ஏறி உலக்கையால் உந்திப் பறக்கும் அவள், சில கதைகளில் வழிதவறி வந்தவர்களை விழுங்கப் பார்க்கிறாள். ஆனால் இட்ட வேலைகளை முடித்துவிடும் வசிலீசா என்னும் பெண்ணுக்கோ, கண்களில் நெருப்பு எரியும் மண்டையோட்டைக் கொடுத்தனுப்புகிறாள். இந்த இரட்டை இயல்புதான் அவளை மறக்கவிடாமல் செய்கிறது என்பது என் எண்ணம்.

இக்கதைகள் இன்று கிடைப்பதற்கு, ரஷ்ய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பாளர் அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட, ஏறத்தாழ 600 கதைகள் கொண்ட தொகுப்பே பெரிதும் காரணம். கிறித்தவத்துக்கு முன் ஸ்லாவியர் வணங்கிய தெய்வங்களைப் பற்றிய சான்றுகளோ மிகக் குறைவு. கீவ் நகரில் இளவரசர் விளாதிமிர் நிறுவிய, வெள்ளித்தலையும் பொன்மீசையும் கொண்ட இடித்தெய்வம் பெரூனின் மரச்சிலை, 988-இல் அவர் கிறித்தவத்தை ஏற்றபின், குதிரையின் வாலில் கட்டி இழுக்கப்பட்டு, தடிகளால் அடிக்கப்பட்டு, தினேப்பர் ஆற்றில் தள்ளப்பட்டதாகப் பழைய ஆண்டுக்குறிப்பு ஏடு கூறுகிறது. மக்கள் அதற்காக அழுதார்கள் என்பதையும் (எழுதியவர்கள் கிறித்தவத் துறவிகளே) அந்த ஏடு மறைக்கவில்லை.

அடுத்த கட்டுரையில், அடுப்படியில் குடியிருந்து வீட்டைக் காப்பதாக நம்பப்பட்ட தமொவோய் என்னும் ஆவிக்கும் இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்