விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள் என்று உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. படித்துவிட்டுப் பலர் இந்த மாதமே ஒரு டிஜிட்டல் குரல் பதிவுக் கருவியைத் தேடிப் போவார்கள். ஆனால் அதில் கருவியைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரிதான், மேசையில் வைத்து பட்டனை அழுத்தினால் போதும் என்று. போதாது. அதை நம்பி நான் இழந்ததைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் இழக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன், கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோர்த்துப் பக்கம் உண்டாக்கிய காலத்து ஆள். அவரைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு கருவி வாங்கி, பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, நேராக அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் ஒலி அளவு காட்டும் பட்டை அவர் பேசப் பேச ஏறி இறங்கியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். கண்ணால் பார்க்காமலே விரல் எந்த அறையில் எந்த எழுத்து இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விதத்தை, மேசையின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். ஒருநாள் இரவு கோர்த்து முடித்த முழுப் பக்கம் கைதவறித் தரையில் கொட்டிவிட, விடியும்வரை குனிந்து பொறுக்கிப் பொறுக்கி மறுபடி கோர்த்த கதையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்கலாம் என்று பார்த்தால் கருவியில் ஒரு ஃபைல்கூட இல்லை.

அந்த விளக்கு விட்டு விட்டு எரிந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை.

விஷயம் இதுதான். நிறைய கருவிகளில், குறிப்பாக இசை பதிவு செய்பவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவற்றில், ரெக்கார்ட் பட்டனை முதல் தடவை அழுத்தினால் கருவி தயார் நிலைக்குத்தான் போகும். ஒலி அளவைச் சரி பார்த்துக்கொள்ள வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். பட்டை ஆடும், ஹெட்போன் போட்டால் சத்தமும் கேட்கும், ஆனால் எதுவும் பதிவாகாது. இன்னொரு தடவை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரியும், பதிவு தொடங்கும். வேறு சில கருவிகளில் முதல் அழுத்தலிலேயே தொடங்கிவிடும். உங்களுடையது எந்த வகை என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை, அதனால் விளக்கைப் பார்க்காதீர்கள், பட்டையையும் பார்க்காதீர்கள், திரையில் விநாடி ஓடுகிறதா என்று பாருங்கள். எண் நகர்ந்தால் பதிவாகிறது, நகராவிட்டால் இல்லை.

கேசட் காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. 1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அந்தச் சின்ன கேசட்டில் நாடா சுற்றுவதை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம், பெரும்பாலான டேப் ரெக்கார்டர்களில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் அவை அழுந்தியே நிற்கும், பக்கம் முடிந்தால் டக்கென்று எகிறும். காதுக்கும் கண்ணுக்கும் அடையாளம் இருந்தது. இப்போதைய கருவிக்குள் அசைகிற பாகம் எதுவுமே கிடையாது, பதிவானாலும் ஆகாவிட்டாலும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய பழக்கத்தில் வருகிறவர்கள், அதாவது பெரியவர்களைப் பதிவு செய்ய ஆசைப்படும் என் வயதுக்காரர்கள், இங்கேதான் இடறி விழுகிறோம்.

அதனால் வாங்கியதும் யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். ஒரு மாலைப் பொழுது அதோடு தனியாக உட்காருங்கள். முதலில் தேதியும் நேரமும் அமையுங்கள். பல கருவிகள் ஃபைலுக்குப் பெயரே தேதியை வைத்துத்தான் போடுகின்றன, நாம் அமைக்காமல் விட்டால் எல்லாப் பதிவும் ஏதோ ஒரு வருடத்து ஜனவரி 1 என்று நிற்கும், இரண்டு வருடம் கழித்து எது எப்போது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். பேட்டரியைக் கழற்றி நாள்கணக்கில் வைத்திருந்தால் கடிகாரம் பழையபடி ஆகிவிடக்கூடும், அப்புறம் மறுபடி பார்க்க வேண்டும். ரீசார்ஜ் செய்கிற பேட்டரி போடுகிறீர்களா, சாதாரண ஆல்கலைன் போடுகிறீர்களா என்று மெனுவில் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். சாதாரணமானது 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை பெரும்பாலும் 1.2 வோல்ட், அதனால் தப்பாகச் சொல்லியிருந்தால் பேட்டரி அளவு காட்டும் குறி பொய் சொல்லும். மெமரி கார்டு போடுகிற வகை என்றால் கார்டை அந்தக் கருவிக்குள்ளேயே வைத்து ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம். கார்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அது அழிந்துபோகும் என்பதால் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது பதிவின் தரம். எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இது, எனக்கு இதில்தான் அதிக வருத்தம். பல கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே அதிக நேரம் பிடிக்கட்டும் என்று சுருக்கிய எம்.பி.3 நிலையில் இருக்கும். ரொம்பவும் சுருக்கிவிட்டால் ச, ஸ, ஷ மாதிரி காற்று கலந்த ஒலிகளின் கூர்மை முதலில் போய்விடும், பல் விழுந்தவர் மெதுவாகப் பேசுகிற பேச்சில் அந்தக் கூர்மையும் போனால் பாதிச் சொல் புரியாது. இடம் மிச்சம் பிடிக்க இன்று அவசியமே இல்லை. மெனுவில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ (இடது, வலது என்று இரண்டு தடம்) என்று வைத்து, சுருக்காத வேவ் ஃபைலாகப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். 32 ஜிகாபைட் கார்டில் சுமார் 50 மணி நேரம். ஒருவர் மட்டும் பேசுகிறார் என்றால் மோனோ, அதாவது ஒரே தடம், போதும், அதில் இன்னும் இரு மடங்கு நேரம் கிடைக்கும். யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் பிறகு அதிலிருந்து எம்.பி.3 எடுத்துக்கொள்ளலாம், விநாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் ஒரு மணி நேரம் 58 மெகாபைட்தான் வரும். பெரியதைச் சின்னதாக்கலாம். சுருக்கியபோது போன ஒலி திரும்ப வராது.

மெனுவில் இன்னொரு வசதி இருக்கும், குரல் கேட்டால் தானே ஓடி, மௌனம் வந்தால் தானே நிற்கும் என்று. தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். குரல் வந்ததை உணர்ந்த பிறகுதான் கருவி ஓட ஆரம்பிக்கும், அதற்குள் முதல் அசை போயிருக்கும். அதைவிட முக்கியம், வயதானவர் பேச்சில் மௌனம்தான் பாதி. பெரியப்பா பக்கம் கொட்டிய கதையைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், ஒரு பெருமூச்சு விட்டார், அப்புறம்தான் அடுத்த வார்த்தை வந்தது. அந்த இடைவெளியை வெட்டி எறிகிற வசதி நமக்கு எதற்கு?

ஒலி அளவை நீங்களே வைப்பதா, கருவியிடம் விடுவதா என்று கேட்பார்கள். தானியங்கி முறை புதியவர்களுக்குப் பரவாயில்லை, ஆனால் பேச்சு நிற்கும்போதெல்லாம் அது அளவை ஏற்றிவிடும், மின்விசிறிச் சத்தம் மெல்ல எழுந்து வந்து நிற்கும், பேச ஆரம்பித்ததும் அமுங்கும், கேட்க எரிச்சலாக இருக்கும். கையால் வைக்கப் பழகிவிட்டால் நல்லது. பேசுபவர் சத்தமாகச் சிரிக்கும்போதுகூட பட்டை மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கிற மாதிரி வையுங்கள். டிஜிட்டலில் பூஜ்யம்தான் கூரை, அதில் முட்டினால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும், அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. கொஞ்சம் குறைவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய வித்தியாசம் செய்வது தூரம். கருவியைப் பேசுபவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறையும், அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும், அதனால்தான் தள்ளி வைத்த பதிவு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது. மேசையில் அப்படியே வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம், விரல் தட்டுகிற சத்தம் எல்லாம் இடி மாதிரி விழும், கீழே ஒரு துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ப, ம்ப என்று வரும்போது காற்று மோதாது. லோ கட் என்று ஒரு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், மின்விசிறியின் அடித்தொண்டை உறுமல் குறையும். அணைக்க முடிந்தால் மின்விசிறியை அணைப்பது இன்னும் நல்லது. சுவர்க் கடிகாரம் இருக்கிற அறையே வேண்டாம், நமக்குப் பழகிப்போன டிக் டிக் பதிவில் பெரிதாக வந்து உட்காரும்.

இவ்வளவும் அமைத்த பிறகு ஒரு நிமிடம் நீங்களே பேசுங்கள், நிறுத்துங்கள், ஹெட்போனில் கேளுங்கள். அந்த ஒரு நிமிடம் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை வந்திருக்காது. அன்றைக்குப் போகிற இடத்திலும் அதையே மறுபடி செய்யுங்கள், பேசப்போகிறவரையே இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி அவருக்கே போட்டுக் காட்டுங்கள். தன் குரலைக் கேட்டதும் கூச்சம் போய்விடும். மறைத்து வைத்து மட்டும் பதிவு செய்யாதீர்கள். சொல்லிவிட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கருவியை அவரே மறந்துவிடுவார், மறைத்து வைத்தது பிறகு தெரிந்தால் உங்களிடம் மனம்விட்டுப் பேசமாட்டார்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, யார் பேசுகிறார், எங்கே, எதைப் பற்றி என்று நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். ஃபைல் பெயர் மாறலாம், குறிப்பு எழுதிய தாள் தொலையலாம், குரலில் சொன்னது குரலோடு இருக்கும். முடிந்ததும் ஸ்டாப் அழுத்தி, கருவி எழுதி முடிக்கும்வரை ஒரு சில விநாடி பொறுங்கள். பல கருவிகள் ஃபைலின் நீளத்தை நிறுத்தும்போதுதான் அதன் தலைப்பகுதியில் எழுதுகின்றன, அதற்குள் பேட்டரியை உருவினால் முழுப் பதிவும் திறக்க முடியாமல் போகலாம். நீளமான பேச்சு என்றால் அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள், அவருக்கும் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும். ஹோல்டு என்று ஒரு சின்ன நழுவு பட்டன் இருக்கும், அதைத் தள்ளினால் கைபட்டு எதுவும் மாறாது. அதைத் தள்ளியதை மறந்துவிட்டு கருவி செத்துப்போய்விட்டது என்று பதறவும் வேண்டாம்.

அன்று ராத்திரியே கணினியில் ஒரு பிரதி, வேறு இடத்தில் இன்னொரு பிரதி. பிரதியைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் கேட்டுப் பார்த்த பிறகுதான் கருவியிலிருந்து அழிக்க வேண்டும்.

கைபேசியிலேயே இதெல்லாம் முடியுமே என்பார்கள். முடியும்தான். ஆனால் நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம், அதைவிட, கையில் கைபேசி இருந்தால் நம் கண் அதன்மேல்தான் இருக்கும், பேசுபவருக்கு அது நன்றாகவே தெரியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக ஒரு கட்டம் போட்டு இந்தச் செய்முறையை வெளியிடுங்கள். கருவி செய்பவர்களுக்கும் ஒன்று, முதல் அழுத்தல் வெறும் தயார் நிலை என்பதைக் கையேட்டின் நடுப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போடாமல், பட்டனின் மேலே ஒட்டும் தாளிலேயே அச்சிடுங்கள்.

பெரியப்பாவிடம் இரண்டாம் முறை போனேன். இந்தத் தடவை எல்லாம் சரியாகப் பதிவானது, குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெளிவாக இருக்கிறது. ஆனால் மொத்தமே 22 நிமிடம். அந்த இரவைப் பற்றிக் கேட்டபோது, "அதான் அன்னைக்கே சொன்னேனேப்பா, பக்கம் கொட்டிப் போச்சு, திரும்பக் கோர்த்தோம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். சொன்ன கதையை மறுபடி சொல்லச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் வரும். அடுத்த வாரம் மறுபடி போகிறேன். இந்த முறை கேள்வி கேட்கப்போவதில்லை. பழைய பொருள்கள் சேர்ப்பவர் ஒருவரிடமிருந்து ஈய எழுத்து ஒரு கைப்பிடி வாங்கி வைத்திருக்கிறேன், அதை மடித்த துண்டின் பக்கத்தில் கொட்டிவிட்டு, விநாடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பதாக இருக்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்