மரினா பேயிலிருந்து இரும்புத் தாது விற்பவர்களுக்கு

சிங்கப்பூரில் விற்பனை அலுவலகம் வைத்திருக்கும் சுரங்க நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு நான்கறை வீட்டில் இருப்பவன். சுரங்கத்தை நேரில் பார்த்ததுகூட இல்லை. உங்களுக்கு எழுத வைத்தது ஒரு சைக்கிள் ஸ்டாண்ட்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு சின்னச் சங்கம் உண்டு. ஆண்டுச் சந்தா 20 வெள்ளி, பொங்கலுக்கு ஒரு விழா, தீபாவளிக்கு ஒரு பொட்டலம் முறுக்கு, அவ்வளவுதான். போன வருடம் அந்தச் சங்கம் நகர மன்றத்துக்குக் கடிதம் போட்டது, புளோக்கின் கீழ்த்தளத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் வேண்டாம், இடத்தை அடைக்கும் என்று. கடைசி வரியில் 'எங்கள் 60 உறுப்பினர்கள் சார்பில்'. அந்த அறுபதில் நானும் ஒருவன், தினமும் எம்ஆர்டி நிலையத்துக்குச் சைக்கிளில் போகிறவன்! செயலாளரைப் பிடித்துக் கேட்டேன். "அட விடுங்கண்ணே, சங்கம்னா நாலு கருத்து இருக்கும்" என்றார்.

நீங்கள் சந்தா கட்டும் சுரங்கத் துறைச் சங்கங்கள் உங்கள் கொள்கைக்கு மாறாகப் பேசும்போது, நீங்களும் பல வருடமாக இதையேதான் சொல்கிறீர்கள், கொஞ்சம் பெரிய வார்த்தைகளில்.

2017 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில், அன்று கருவூல அமைச்சராக இருந்த ஸ்காட் மோரிசன் ஒரு நிலக்கரிக் கட்டியைத் தூக்கிக் காட்டி, பயப்படாதீர்கள் என்றாரே, நினைவிருக்கிறதா? கட்டியைக் கொடுத்தது சுரங்க நிறுவனங்களின் சங்கமான மினரல்ஸ் கவுன்சில் ஆஃப் ஆஸ்திரேலியா என்றும், கையில் கரி ஒட்டாமல் இருக்க அதற்குப் பூச்சு பூசியிருந்தது என்றும் செய்தி வந்தது. அந்தக் கவுன்சிலின் பெரிய உறுப்பினர்களில் ஒன்று உங்களில் ஒருவரான பிஎச்பி சுரங்க நிறுவனம். தன் பெயரில் பேசும்போது பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை ஆதரிக்கிறேன் என்று சொல்லும் அதே பிஎச்பிதான். பங்குதாரர்கள் நெருக்கிய பிறகு, அந்த வருடம் டிசம்பரில், தான் உறுப்பினராக உள்ள சங்கங்கள் எங்கெங்கே தன் பேச்சுக்கு மாறாகப் பேசுகின்றன என்று ஒரு பட்டியல் போட்டது. 2018ல் உலக நிலக்கரிச் சங்கத்திலிருந்து விலகியது. மினரல்ஸ் கவுன்சிலிலும் அமெரிக்க வர்த்தகச் சபையிலும் தொடர்ந்து இருந்தது. பட்டியல் போட்டதே பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முரண்பாடு இருக்கிறது என்று நீங்களே எழுதி வைத்துவிட்டுச் சந்தாவையும் கட்டினால் அதை என்னவென்று சொல்வது?

உங்கள் சங்கங்களின் பலம் லேசானதும் இல்லை. 2010ல் கெவின் ரட் சுரங்க லாபத்துக்குக் கூடுதல் வரி அறிவித்தபோது உங்கள் துறை விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 2.2 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொட்டியது, அறிவிப்பு வந்து இரண்டு மாதம் முடிவதற்குள் பிரதமர் பதவி அவர் கையில் இல்லை. (அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை.) அப்புறம் 2012 ஜூலையில் வந்த கரிம வரி, அதாவது கரியமில வாயு வெளியேற்றத்துக்கான வரி, மினரல்ஸ் கவுன்சில் அதையும் எதிர்த்தது, 2014 ஜூலையில் ரத்தானது. இரண்டு வருட ஆயுள்.

இது ஆஸ்திரேலியா கதை, இங்கே எதற்கு என்று கேட்பீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் தோண்டும் இரும்புத் தாதை நீங்கள் விற்பது இங்கிருந்துதானே. அந்த விற்பனை லாபத்துக்கு எங்கே வரி கட்டுவது என்ற தகராறை பிஎச்பி 2018ல் ஆஸ்திரேலிய வரித்துறைக்குச் சுமார் 52.9 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. தாது கப்பலேறிப் போய் ஊதுலையில் கோக்கிங் நிலக்கரியோடு சேர்ந்து எஃகாகும்போது வரும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் உங்கள் லாரிகளும் ரயில்களும் விடும் புகை சொற்பம். அதனால் சுரங்கத்தில் சூரியத் தகடு போட்ட படங்களைவிட, எஃகுக்கும் நிலக்கரிக்கும் வரும் சட்டங்களைப் பற்றி உங்கள் ஆட்கள் அமைச்சகங்களில் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இங்கேயும் கரிம வரி இருக்கிறது. 2019ல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல் 25, 2026ல் 45, 2030க்குள் 50 முதல் 80 வரை. 25 வெள்ளி ஆனபோது எங்களைப் போன்ற நான்கறை வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கமே முன்கூட்டிச் சொன்னது, மின்சார, தண்ணீர் பில்லில் கழித்துக்கொள்ள யூ-சேவ் கழிவும் கொடுத்தது. என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், மாதாமாதம் பில்லைப் பார்க்கிறேன். அதேபோல உங்கள் பேச்சும் எனக்குத் தெரிய வேண்டும். எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு சந்தா, அது எந்த நாட்டு அரசுக்கு என்ன மனு கொடுத்தது என்று முழுதாக வெளியிடுங்கள், சுருக்கம் வேண்டாம். உங்கள் கொள்கைக்கு மாறாக அது பேசினால் அந்த மாதமே, உங்கள் பெயரில், 'இது எங்கள் கருத்து இல்லை' என்று சொல்லுங்கள். வருட அறிக்கையின் நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் யார் தேடுவார்கள்?

முடியாத காரியம் இல்லை. 2020 அக்டோபரில், குயின்ஸ்லாந்துத் தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது, வாக்குச் சீட்டின் விருப்ப வரிசையில் பசுமைக் கட்சியைக் கடைசியில் போடுங்கள் என்று அந்த ஆஸ்திரேலிய மாநிலத்தின் சுரங்கச் சங்கமான குயின்ஸ்லாந்து ரிசோர்சஸ் கவுன்சில் விளம்பரம் செய்தது, பிஎச்பி உடனே தன் உறுப்பியத்தை நிறுத்தி வைத்தது. மனம் இருந்தால் சட்டென்று நடக்கிறது, சரிதானே?

எங்கள் சங்கத்திலும் நடந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன், கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் டீயும் வடையும் தீர்வதற்குள் நகர மன்றத்துக்கு இரண்டாவது கடிதம் தயார்: முதல் கடிதம் செயற்குழுவின் கருத்து மட்டுமே, உறுப்பினர்களில் 11 பேர் அதற்கு உடன்படவில்லை. இரண்டே வரி. செயலாளர்தான் தட்டச்சு செய்தார்.

இப்படிக்கு,
சந்தாவை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் பதினோரு பேரில் ஒருவன்