தங்கவயல் மருத்துவமனைப் படங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோலார் தங்கவயலில் சுரங்க நிறுவனத்தின் பழைய மருத்துவமனையில் எடுத்த 41 படங்களைக் கடந்த மாதம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் காட்சிக்கு வைத்திருந்தோம். வந்து பார்த்தவர்கள் பலரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பகுதி வேறு சிலருக்குச் சேர வேண்டியது. அதை எழுத்தில் சொல்லிவிடுவதே முறை என்பதால் இம்மடல்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இவ்வூர்க்காரர்கள் பலரையும் போல நானும் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரில் பிழைப்புத் தேடியவன். 2019இல் காமிராவோடு மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, உண்மையைச் சொன்னால், என் கண்ணில் பட்டதெல்லாம் உரிந்த சுண்ணாம்பும், சன்னல் வழியே புகுந்த கொடியும், தரையில் விழுந்த வெயிலுமே. அழகான படங்கள்தாம். ஆனால் எந்த ஊர் இடிபாட்டிலும் அவற்றை எடுத்திருக்கலாம்.

அங்கே முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்த சிஸ்டர் அம்மாவிடம் அவற்றைக் காட்டினேன். முதல் படத்தையே நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இது எந்த வார்டு, தெரியுமாப்பா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல், ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலிலிருந்து சன்னல்களை விரலால் எண்ணிக்கொண்டே நடந்து, ஐந்தாவது சன்னலருகே நின்று, ஏர்பிளாஸ்ட் ஆனால் ஆட்களை இங்கேதான் வரிசையாகக் கிடத்துவார்கள் என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அதைத்தான் எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். மேலே, தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருண்டு விழும், பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். மருத்துவமனையிலோ, அலமாரியில் மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும் ஓசை கேட்டதுமே, எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கட்டில்களை ஒதுக்கத் தொடங்கிவிடுவார்களாம். சிஸ்டர் அம்மா சொன்ன அந்தக் கிணுகிணுப்பைக் கேட்ட பிறகுதான் நான் வெற்று அலமாரியைப் படமெடுத்தேன். அதன் முன்னால் மிகுதியானோர் நின்றதை நீங்களே பார்த்தீர்கள்.

எக்ஸ்ரே பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவருக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது இதே தங்கவயலில். பாறைத்தூசு நுரையீரலில் படிந்து அதை மெல்ல மெல்ல இறுகச் செய்யும் நோய் அது. படிந்ததை எடுக்க மருந்தில்லை. 1940களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் அது இருந்தது. இவையெல்லாம் நான் பிறகு படித்தறிந்தவை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "உங்கள் வீட்டில் பழைய நெஞ்சுப் படம் ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. என் தாத்தாவுடையது. 1980 பிப்ரவரியில் சூரிய கிரகணத்தன்று தெருப்பிள்ளைகள் நாங்கள் கைமாற்றிக் கைமாற்றி வானத்தைப் பார்த்த அதே ஃபிலிம். பெரியவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாங்கள் கீறல் என்று நினைத்திருந்த வெண்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பத்து வயதில் நான் சூரியனைப் பார்த்தது தாத்தாவின் தூசு வழியே. காட்சியில் கடைசியாக, அந்த ஃபிலிமைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி எடுத்த படத்தை வைக்கலாமா என்று தயங்கினேன். வைக்கச் சொன்னவரும் அவரே.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அம்மருத்துவமனையைத் தொண்டர்கள் கூட்டிக் கழுவிப் படுக்கைகள் போட்டார்கள். என் படங்களில் இருந்த தூசும் ஒட்டடையும் போய்விட்டனவே என்று ஒரு கணம் மனம் சுருங்கியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மூச்சுத்திணறியவர்களுக்காகக் கட்டில் போட்ட கைகளைப் பார்த்து அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். பெயர் தெரியாத அந்தக் கைகளுக்கும் நன்றி.

அனுமதிக் கடிதத்துக்காக நான்கு மாதம் என்னை அலைய விட்ட அலுவலகத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. அங்கேயே ஒரு மேசையில், உணவு இடைவேளையில் என் விண்ணப்பத்தைத் தேடியெடுத்து மேலே வைத்த அம்மையாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: அம்மா, உங்களால்தான் உள்ளே போனோம். பாம்பு இருக்கும் என்று தடியால் தரையைத் தட்டியபடி முன்னால் நடந்த காவலாளி அண்ணனுக்கும், சிஸ்டர் அம்மாவை நான்கு முறை அழைத்து வந்தும் காசு வாங்க மறுத்த ஆட்டோ ஓட்டுநருக்கும், அச்சுக்கூலியைப் பாதியாகக் குறைத்த ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோக்காரருக்கும் என் வணக்கம்.

காட்சிக்கு வந்த நீங்கள் படங்களின் கீழே ஒட்டிச் சென்ற துண்டுச் சீட்டுகள் 63. "என் மூத்த மகள் இந்த அறையில் பிறந்தாள்" என்று மூன்று பேர் ஒரே அறைக்கு எழுதியிருக்கிறீர்கள். அவற்றையும் படங்களோடு சேர்த்து ஒட்டி வைத்திருக்கிறேன். 17ஆம் படத்துக்கு மட்டும் எவரும் எழுதவில்லை. கட்டில் தலைமாட்டுச் சுவரில் பென்சிலால் போட்ட பத்தொன்பது கோடுகள் அதில் உள்ளன. அக்கட்டிலில் இருந்தவர் யாரென்று அறிந்தவர்கள் சொன்னால், அந்தப் படத்தின் பிரதியை அவர் குடும்பத்தாரிடம் நேரில் கொண்டுவந்து கொடுப்பேன்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் வளர்ந்தவன்