ஓத்ராருக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தேர்வு முடிந்ததும் தோழிகளோடு கசகஸ்தானின் அல்மாத்தியிலிருந்து ரயிலேறித் துர்கிஸ்தானுக்கும், அங்கிருந்து ஓத்ராருக்கும் போகப்போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு அந்த ஊர் நினைவாகவே இருக்கிறது. துர்கிஸ்தானில் சூஃபி ஞானி யசவியின் அடக்கத்தலத்துக்கு மேல் தைமூர் எழுப்பிய மாபெரும் குவிமாடத்தை எல்லோரும் காட்டுவார்கள்; ஓத்ராரில் பெரும்பாலும் மண்மேடும் அகழ்ந்தெடுத்த செங்கல் சுவர்களுமே மிச்சம். ஆனாலும் பயணத்தில் ஒரு நாளைக் குறைக்க நேர்ந்தால், ஓத்ராரைக் குறைத்துவிடாதே.

அரிஸ் ஆறு சிர் தாரியாவோடு கலக்கும் இடத்தை ஒட்டிய அந்தப் பாசன வட்டாரத்துக்குப் பழம்பெயர் ஃபாராப். 1218இல் செங்கிஸ்கான் அனுப்பிய வணிகர் கூட்டத்தை ஓத்ராரின் ஆளுநர் கொன்றதையும், அதற்குப் பழிவாங்க வந்த மங்கோலியப் படை பல மாதம் முற்றுகையிட்டு நகரைப் பிடித்ததையும் வழிகாட்டியே சொல்லிவிடுவார். நான் எழுத நினைத்தது, உன் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும் மெய்யியலாளர் அபூ நஸ்ர் அல்-ஃபாராபியைப் பற்றி.

870ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். அவருடைய ஊர் குராசானில், அதாவது இன்றைய ஆப்கானிஸ்தானில், உள்ள ஃபார்யாப் என்று சொல்வோரும் உண்டு. கசகஸ்தானோ அவரைத் தன் பணத்தாளிலேயே அச்சிட்டுக்கொண்டது. இந்த உரிமைப் போட்டியில் எனக்கு அக்கறை இல்லை. அவர் எழுதியது அரபியில். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தது பாக்தாதில். அங்கே முஸ்லிமான அவருக்குத் தர்க்கம் கற்பித்த யூஹன்னா இப்னு ஹைலான் ஒரு கிறிஸ்தவர். ஃபாராபியிடம் பயின்று பெயர் பெற்ற யஹ்யா இப்னு அதீயும் கிறிஸ்தவரே. அரிஸ்டாட்டிலுக்கு அடுத்த 'இரண்டாம் ஆசிரியர்' என்று பின்னாளில் போற்றப்பட்டவர் உருவானது இப்படிப்பட்ட ஆசிரிய மாணவ வரிசையில்தான்.

அவர் மறைந்தது 950இல். முப்பது ஆண்டுகள் கழித்துப் புகாரா அருகே பிறந்த மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு சீனா, அரிஸ்டாட்டிலின் 'மீமெய்யியல்' (மெட்டாபிசிக்ஸ்) நூலை நாற்பது முறை படித்து மனப்பாடமே ஆகியும் பொருள் விளங்கவில்லை என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒருநாள் புத்தகக் கடைவீதியில் ஒரு தரகர் ஒரு சிறு நூலை நீட்டினார். இவர் வேண்டாம் என்றார். உடையவருக்குப் பணமுடை, மூன்று திர்ஹத்துக்குத் தருகிறேன் என்று தரகர் வற்புறுத்தவே வாங்கினார். அது அரிஸ்டாட்டிலின் அந்த நூலின் நோக்கத்தை விளக்கி ஃபாராபி எழுதியது. வீட்டுக்குப் போய்ப் படித்ததும் எல்லாம் தெளிந்துவிட, மறுநாள் ஏழைகளுக்குத் தானம் கொடுத்தாராம். படித்தது மண்டையில் ஏறவில்லை என்று நீ அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்பது முறைதான் நினைவுக்கு வரும்.

மருத்துவம் படிக்கும் உனக்குப் பிடிக்கக்கூடிய சங்கதி இன்னொன்று உண்டு. நல்ல நகரத்தை ஃபாராபி நலமான உடலாகக் கண்டார். அதில் ஆள்பவர் இதயம், மூளை அதற்கு அடுத்த நிலையில். நரம்புகளை அறுத்துப் பார்த்து மூளையே தலைமை என்று காட்டிய பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனை மறுத்து, அரிஸ்டாட்டில் பக்கம் நின்று தனி நூலே எழுதினார். உடலைப் பொறுத்தவரை கேலன் சொன்னதுதான் சரி. ஆனால் நகரத்தைப் பற்றி ஃபாராபி சொன்னதை அவ்வளவு எளிதில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆள்பவருக்குப் பன்னிரண்டு பிறவிக் குணங்களை அடுக்கிய அவர், எல்லாம் ஒருவரிடமே அமைவது அரிது என்பதையும் அறிந்திருந்தார். தேவையான தகுதிகள் ஒருவரிடம் சேராதபோது, அறிவுடைய ஒருவரும் மற்றத் தகுதிகள் உடைய இன்னொருவரும் சேர்ந்து ஆளலாம் என்றார். அந்த அறிவு மட்டும் ஆட்சியில் இல்லாமல் போனால், மற்றவை எல்லாம் இருந்தும் நகரம் நாளடைவில் அழியும் என்றும் எழுதினார்.

ஷாவுல்திர் கிராமத்தில் உள்ள ஓத்ரார் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போங்கள். கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒதுங்க நிழல் கிடைக்காது. காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மா